வீட்டுக் கல்யாணத்தில் தளர்ந்துபோகாமல் இருப்பது எப்படி: தனிமை விரும்பிகளுக்கான முழுமையான வழிகாட்டி

சொந்தக்காரர்கள்மீது பாசம் உண்டு. கல்யாணத்துக்குப் போகவும் ஆசை உண்டு. ஆனால் வரவேற்பு தொடங்கி இரண்டு மணி நேரத்தில் தலை கனக்கிறது, சத்தம் காதைத் துளைக்கிறது, யார் நலம் விசாரித்தாலும் எரிச்சல் வருகிறது. இப்படிப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இவர்களில் பெரும்பாலோர் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். களைப்பு வந்த பிறகு ஒதுங்க இடம் தேடுகிறார்கள். அதற்குள் அறைச் சாவி யாரிடமோ போயிருக்கும், மாடியில் சாமான் அடுக்கியிருப்பார்கள், அத்தை கையைப் பிடித்து இழுத்துப் புகைப்படத்துக்கு நிறுத்தியிருப்பார். ஆகவே படிகளின் வரிசை முக்கியம். முதல் ஐந்தும் மண்டபத்துக்குள் கால் வைப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கூட்டத்தை நினைத்தாலே பல நாள் முன்பிருந்து படபடப்பு, தூக்கமின்மை, மூச்சடைப்பு என்று இருந்தால் அது உள்முக இயல்பு மட்டுமாக இருக்காது. மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம்.

1. பத்திரிகையை எடுத்து, கட்டாய நேரங்களைக் குறியுங்கள்

பத்திரிகையில் இருப்பது இரண்டு மூன்று நேரங்கள்தான். வீட்டாரிடம் கேட்டால்தான் முழுப் பட்டியல் கிடைக்கும்: பந்தக்கால், மாப்பிள்ளை அழைப்பு, வரவேற்பு, முகூர்த்தம், பந்தி, மறுவீடு. அத்தனையையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு, நீங்கள் இல்லாவிட்டால் சடங்கே நிற்கும் என்ற இடங்களுக்கு மட்டும் வட்டம் போடுங்கள். மாப்பிள்ளையின் தங்கை என்றால் நாத்தனார் முடிச்சு. பெண்ணின் தம்பி என்றால் பொரியிடுதல். தாய்மாமன் என்றால் சீர் வரிசை. மற்றவர்களுக்குத் தாலி கட்டும் நேரமும் குடும்பப் புகைப்படமும் போதும்.

இதை ஏன் முதலில் செய்ய வேண்டும்? எல்லா நேரமும் கட்டாயம் என்று நினைத்துக்கொண்டு போனால், மாப்பிள்ளை அழைப்பிலேயே தெம்பு தீர்ந்து, உண்மையில் தேவைப்படும் முகூர்த்த நேரத்தில் முகம் வாடி நிற்பீர்கள். வட்டம் போட்ட நேரங்கள் ஐந்தைத் தாண்டினால் மறுபடி பாருங்கள். பெரும்பாலும் இரண்டு, பிறர் முகத்துக்காகச் சேர்த்தவையாக இருக்கும்.

2. வேலையை நீங்களே கேட்டு வாங்குங்கள்

இந்தப் படியை விட்டுவிட்டால் மற்ற எல்லாம் பாதிப் பலன்தான் தரும்.

கல்யாண வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவரைத்தான் எல்லாரும் கூப்பிடுவார்கள். கையில் வேலையோடு நடப்பவரை யாரும் நிறுத்துவதில்லை. ஒதுங்கி உட்கார்ந்தால் நிம்மதி கிடைக்கும் என்று நினைப்பவர், அந்த மூலையிலேயே வரிசையாகப் பத்துப் பேரிடம் நலம் விசாரிக்கப்படுவார். ஆகவே உங்கள் இயல்புக்கு ஏற்ற வேலையைப் பிறர் ஒதுக்குவதற்கு முன்பே பிடித்துவிடுங்கள். பத்திரிகை அடிக்கக் கொடுத்த வாரமே கேட்பது நல்லது.

எனக்குத் தெரிந்தவரை மிகச் சிறந்த வேலை ஸ்டோர் ரூம் சாவி. தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, தாம்பூலப் பைகள், மளிகை எல்லாம் இருக்கும் அந்த அறைக்குள் சமையல்காரரும் உதவியாளரும் தவிர யாரும் வருவதில்லை. வந்தாலும், கேட்டதை எடுத்துக் கொடுத்துக் கணக்கு எழுதினால் பேச்சு முடிந்தது. "சித்தப்பா, ஸ்டோர் ரூம் சாவியை நான் வைத்துக்கொள்கிறேன். கணக்கும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கப் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா மகிழ்ச்சியோடு கொடுத்துவிடுவார்.

அடுத்தது மொய் எழுதும் மேசை. பெயர், ஊர், தொகை என்று ஒவ்வொருவரிடமும் பேசும் வார்த்தைகள் முன்பே தீர்மானமானவை. நடுவில் மேசை இருக்கிறது. பின்னால் நிற்பவர் காத்திருப்பதால் யாரும் வம்பளக்க மாட்டார்கள். ஆனால் தனியாக உட்காராதீர்கள். ஒருவர் எழுத, ஒருவர் பணம் எண்ண வேண்டும். சத்தத்தில் கணக்குத் தவறும் என்பவர்களுக்கு இது வேண்டாம், இரவு கணக்கு இடித்தால் தூக்கம் போய்விடும். சில ஊர்களில் மொய்யை மைக்கில் வாசிப்பார்கள், மேசையும் ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வரிசைத் தட்டு அடுக்குவது, பூத் தொடுப்பது, ஆரத்தி கரைத்து வைப்பது, விடியற்காலையில் கோலம் போடுவது எல்லாமே கைக்கு வேலை, வாய்க்கு ஓய்வு. ரயில் நிலையத்துக்குக் கார் ஓட்டிப்போய் ஆள் அழைத்து வருவதும் நல்லதுதான். போகும்போது தனிமை கிடைக்கும். திரும்பும்போது வண்டி நிறையக் கேள்விகள் இருக்கும் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. வாசலில் நின்று பன்னீர் தெளித்து, சந்தனம் கற்கண்டு கொடுத்து வரவேற்பது ஒன்று. பந்தி விசாரிப்பது இன்னொன்று. முன்னதில் வருகிற ஒவ்வொருவரிடமும் சிரிக்க வேண்டும். பின்னதில் அதோடு சாம்பார் வரவில்லை என்ற கோபத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மாப்பிள்ளைகளின் சங்கடம் தனி. மனைவி வீட்டுக் கல்யாணத்தில் யாரும் அவர்களுக்கு வேலை தர மாட்டார்கள். முதல் வரிசை நாற்காலியில் உட்காரவைத்து உபசரிப்பார்கள், இந்த இயல்புடையவருக்கு அதைவிடக் கஷ்டம் இல்லை. காது மந்தமான தாத்தா ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பக்கத்தில் இருக்கும்வரை மரியாதையும் கிடைக்கும், அமைதியும் கிடைக்கும். மருமகள்களுக்கு நேர் எதிர்: எல்லா வேலையும் வந்து சேரும். அதனால்தான், முன்கூட்டியே ஒன்றைச் சொல்லி வாங்கிக்கொண்டால் மற்றதை மறுப்பதற்கு அதுவே காரணமாகும்.

3. படுக்கும் இடத்தை உறுதி செய்யுங்கள்

காலை 6 முதல் 7.30 வரை முகூர்த்தம் என்றால் வீட்டார் 3.30 மணிக்கே எழுந்துவிடுவார்கள். முந்தைய இரவு மண்டபத்து அறையில் ஜமக்காளம் விரித்துப் பன்னிரண்டு பேர் படுத்திருப்பார்கள். பக்கத்து அறையில் சீட்டுக் கச்சேரி நடக்கும். தூக்கம் குறைந்தால் சத்தத்தையும் வெளிச்சத்தையும் தாங்கும் சக்தி மறுநாள் சட்டென்று குறையும்.

வசதி இருந்தால் நடந்து போகும் தூரத்தில் ஒரு லாட்ஜ் அறை எடுங்கள். செலவைப் பகிர, இதே இயல்புள்ள ஒரு உறவினரைச் சேர்த்துக்கொள்ளலாம். "மண்டபத்தில் அறை இருக்கும்போது எதற்கு வீண் செலவு?" என்று கட்டாயம் கேட்பார்கள். "குழந்தை தூங்காது" அல்லது "விடியற்காலையில் மாலை வாங்கிவரப் போக வேண்டும்" போன்ற, உண்மையான ஒரு நடைமுறைக் காரணத்தைச் சொல்லுங்கள். உங்கள் குணத்தைக் காரணமாகச் சொன்னால் அறிவுரைதான் கிடைக்கும்.

முடியாவிட்டால், மண்டபத்துக்குள்ளேயே கழிப்பறைக்கும் படிக்கட்டுக்கும் தள்ளியிருக்கும் மூலையை மாலையிலேயே பிடித்துப் பையை வைத்துவிடுங்கள். அதற்கு முந்தைய இரவு, வீட்டில் இருக்கும்போதே, நிறையத் தூங்குங்கள்.

4. ஒரே ஒருவரிடம் சொல்லிவையுங்கள்

எல்லாரிடமும் விளக்கப் போகாதீர்கள். சொன்னால் "அதெல்லாம் பழகினால் சரியாகும்" என்று மாமா ஒரு மணி நேரம் பேசுவார், அந்தப் பேச்சே களைப்பு. ஒருவர் போதும்: கணவன், மனைவி, அக்கா, ஒத்த வயது உறவு யாராவது.

சொல்ல வேண்டியது சுருக்கமாக இருக்கட்டும். "அக்கா, நான் மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் மாடிக்குப் போவேன். அம்மா தேடினால் ஸ்டோர் ரூமில் இருக்கிறேன் என்று சொல்லிவிடு. புகைப்படத்துக்குக் கூப்பிட்டால் மட்டும் போன் செய்." இந்தக் கடைசி வரிதான் முக்கியம். உங்களைத் தேட ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கை இல்லாவிட்டால், ஓய்வெடுக்கும்போதும் எதையோ தவறவிடுகிறோமோ என்று காது மண்டபத்திலேயே இருக்கும்.

5. பையில் என்ன இருக்க வேண்டும்

காது அடைப்பான், தண்ணீர் பாட்டில், கடலை மிட்டாய் அல்லது இரண்டு வாழைப்பழம், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை, ஒரு பருத்தி உடை. அவ்வளவுதான்.

பருத்தி உடை ஏன் என்றால், தோலில் படுவதும் ஒரு தூண்டல்தான். புதுப் பட்டின் விறைப்பு, இறுக்கமான ரவிக்கை, கழுத்தை அரிக்கும் அட்டிகை, இடுப்பில் நழுவும் பட்டு வேட்டி எல்லாம் மணிக்கணக்கில் மூளையைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். புகைப்படம் முடிந்தவுடன் மாற்றிக்கொள்ளுங்கள். ரவிக்கையைக் கல்யாணத்தன்று முதல்முறையாகப் போடாமல், முந்தைய வாரம் ஒரு மணி நேரம் போட்டுப் பாருங்கள்.

காது அடைப்பான் மருந்துக்கடையில் கிடைக்கும். நுரையாலானதை விரலால் மெல்லியதாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே வைத்து, அது விரியும்வரை 20 முதல் 30 நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். பலர் உருட்டாமல் காதின் முனையில் செருகிவிட்டு "ஒன்றும் பயனில்லை" என்கிறார்கள். வீட்டில் பழகிவிட்டு வாருங்கள். தலைமுடியும் மல்லிகைச் சரமும் ஜிமிக்கியும் இருந்தால் வெளியே தெரியாது. ஆண்கள் தோல் நிறத்திலோ நிறமற்றதாகவோ வாங்கலாம்.

6. கூட்டம் சேருமுன் போய், பெரியவர்களை முதலில் பாருங்கள்

வரவேற்பு 6.30 என்றால் 5.30 மணிக்கு மண்டபத்தில் இருங்கள். தாமதமாகப் போனால் கூட்டத்தைக் குறைவாகச் சந்திக்கலாம் என்று நினைப்பது வழக்கமான தவறு. நிரம்பிய மண்டபத்துக்குள் நுழையும்போது ஒலி, ஒளி, பூ வாசனை, முகங்கள் எல்லாம் ஒரே அடியாக வந்து விழும். முன்பே இருந்தால் கூட்டம் உங்களைச் சுற்றிச் சிறிது சிறிதாகத்தான் கூடும். உடலுக்குப் பழக நேரம் கிடைக்கும்.

அந்த ஒரு மணி நேரத்தில், கட்டாயம் பார்க்க வேண்டிய எட்டுப் பத்துப் பேரைத் தேடிப்போய்ப் பாருங்கள். பெரியப்பா, மூத்த அத்தை, சம்பந்தி வீட்டார், ஊரிலிருந்து வந்த பாட்டி. காலைத் தொட்டு வணங்கி, இரண்டு மூன்று நிமிடம் பேசி, நகருங்கள்.

"வந்தவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை" என்ற குறை பிறகு உங்கள் அம்மாவின் தலையில்தான் விடியும். ஆகவே தெம்பு முழுதாக இருக்கும்போதே இதை முடித்துவிட வேண்டும். நீங்களே தேடிப் போனால் பேச்சை எப்போது முடிப்பது என்பதும் உங்கள் கையில் இருக்கும்.

7. உட்காரும் இடத்தைக் காதால் தேர்ந்தெடுங்கள்

நாதஸ்வரம் திறந்த வெளிக்கும் கோயில் வீதிக்கும் ஏற்ற முழக்கம் கொண்ட வாத்தியம். கூடவே தவில். அதை டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் கொண்ட மண்டபத்துக்குள் வைத்து, மைக்கும் கொடுத்தால் எதிரொலி அடங்குவதே இல்லை. வரவேற்பின் மெல்லிசைக் கச்சேரி அதற்கும் மேல்.

வேலையிடச் சத்தத்துக்கு நியோஷ் என்ற அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். கைபேசியில் ஒலி அளக்கும் செயலியை ஒருமுறை திறந்து பாருங்கள், துல்லியமாக இல்லாவிட்டாலும் எந்த நாற்காலி மோசம் என்று காட்டிவிடும். காதுக்கே கெடுதலான அளவில் உங்களுக்குத் தலை வலிப்பது பலவீனம் இல்லை, உடல் சரியாக வேலை செய்கிறது.

ஒலிபெருக்கியின் நேர்முகமாக உட்காராதீர்கள். பக்கவாட்டில், பின்பாதியில், சுவரை முதுகுக்கு வைத்து, வரிசையின் ஓரத்தில் உட்காருங்கள். முதுகுக்குப் பின் ஆள் நடமாட்டம் இல்லாததே பெரிய நிம்மதி. எழுந்து போக யாரையும் தாண்ட வேண்டியதில்லை. வீடியோ விளக்கும் பெரிய எல்இடி திரையும் எந்தப் பக்கம் என்று பார்த்து எதிர்ப்பக்கம் போங்கள். முகூர்த்தத்தில் ஹோமப் புகை எந்தப் பக்கம் வீசுகிறது என்பதையும் கவனியுங்கள். கெட்டிமேளத்துக்குச் சற்று முன் அடைப்பானை வைத்துக்கொள்ளலாம்.

8. களைப்பதற்கு முன்பே எழுந்து போங்கள்

மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம். நன்றாக இருக்கிறது என்று தோன்றினாலும் போங்கள். முழுதாகத் தீர்ந்த பிறகு எடுக்கும் ஓய்வு பத்து நிமிடத்தில் முடியாது, அன்றைய மாலை முழுவதையும் விழுங்கும். கைபேசியில் அதிர்வு மட்டும் வைத்த அலாரம் உதவும்.

எங்கே போவது? மொட்டை மாடி, வண்டி நிறுத்துமிடம், ஒரு பந்தி முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடைப்பட்ட சாப்பாட்டுக் கூடம். எல்லாவற்றையும்விடச் சிறந்தது பக்கத்துத் தெருப் பிள்ளையார் கோயில். "கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன்" என்றால் தடுப்பவர் எவரும் இல்லை. டீக்கடை என்று மட்டும் சொல்லாதீர்கள், நான்கு பேர் கூடவே கிளம்பிவிடுவார்கள்.

இங்கே இரண்டு தவறுகளை அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று, கழிப்பறையில் ஒளிவது. ஐந்து நிமிடத்தில் கதவைத் தட்டுவார்கள், அந்தப் பதற்றத்தோடு வெளியே வர நேரும். இன்னொன்று, ஓய்வு என்று சொல்லிக் கைபேசியில் ரீல்ஸ் பார்ப்பது. வேகமாக மாறும் படமும் சத்தமும் சேர்ந்தால் அதுவும் இன்னொரு மண்டபம்தான். கைபேசியைப் பையில் வைத்துவிட்டுத் தூரத்தில் தெரியும் எதையாவது பாருங்கள்.

9. பந்தியை ஓய்வாகப் பயன்படுத்துங்கள்

பல மண்டபங்களில் இலைப் பந்தியில் எல்லாரும் ஒரே திசை பார்த்து வரிசையாக உட்காருகிறார்கள். எதிரே முகம் இல்லை. குனிந்து இலையைப் பார்ப்பதுதான் மரியாதை. பேசாமல் சாப்பிட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பஃபேயில் தட்டை ஏந்தி நின்றால் நான்கு பேர் சூழ்ந்துகொள்வார்கள். இரண்டும் இருந்தால் இலையைத் தேர்ந்தெடுங்கள், ஓரத்து இடமாகப் பாருங்கள்.

காலைச் சிற்றுண்டியை முதல் பந்தியிலேயே முடித்துவிடுங்கள். பசி இருக்கும்போது சின்னச் சத்தமும் பெரிதாகத் தெரியும். மதியம், வீட்டு ஆளாக இருந்தால், கடைசிப் பந்திவரை காத்திருக்க நேரும். அதற்காகத்தான் பையில் கடலை மிட்டாய்.

காபியில் கவனம் வேண்டும். களைப்பைப் போக்க மாலையில் இரண்டு மூன்று குடிப்பவர்கள் உண்டு. காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்க ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். இரவு 8 மணிக் காபி, 3.30 மணிக்கு எழ வேண்டியவரின் தூக்கத்தைக் கெடுக்கும். விடியற்காலை டிகிரி காபியை மட்டும் யாரும் விட வேண்டாம்.

10. கேள்விகளுக்குப் பதில் தயாராக இருக்கட்டும்

"எப்போது உனக்குக் கல்யாணம்?", "சம்பளம் எவ்வளவு?", "ஏன் இப்படி இளைத்துவிட்டாய்?" மாறாத கேள்விகள் இவை. ஒவ்வொரு முறையும் புதிதாகப் பதில் யோசிப்பதுதான் சோர்வு தருகிறது. ஒரே வரிப் பதிலை முடிவுசெய்து, அதையே எல்லாரிடமும் சொல்லுங்கள்.

பதிலோடு நிறுத்தாமல் உடனே ஒரு கேள்வி கேளுங்கள். "பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் அத்தை. நீங்கள் எப்போது கிளம்பினீர்கள்? பஸ்ஸா, ரயிலா?" பயணக் கதை தொடங்கிவிட்டால் ஐந்து நிமிடம் நீங்கள் தலையாட்டினால் போதும். கேட்பது பெரும்பாலும் நமக்குப் பேசுவதைவிட எளிது. முடிக்கும்போது வேலையைக் காரணம் சொல்லுங்கள்: "சமையல்காரர் கூப்பிடுகிறார், தேங்காய் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன்." சாவி கையில் இருந்தால் இது பொய்யும் ஆகாது.

11. எல்லை மீறிவிட்டால்

அறிகுறிகள் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் பேசுவது காதில் விழுந்தும் பொருள் புரியாமல் போவது, குழந்தையின் சிரிப்பே எரிச்சலூட்டுவது, சொல் வாயில் வராமல் தடுமாறுவது ஆகியவை பொதுவானவை. உங்களுடையது எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நிலையில் வரிசை இதுதான். முதலில் சத்தத்திலிருந்து வெளியேறுங்கள். பிறகு முகத்தில் குளிர்ந்த நீர். பிறகு உட்கார்ந்து, 4 எண்ணிக்கை மூச்சை இழுத்து, 6 எண்ணிக்கை மெதுவாக விடுங்கள், சில நிமிடம். மூச்சை விடும் நேரம் நீளும்போது இதயத் துடிப்பு தணியும். கடைசியாகத் தண்ணீரும் ஏதாவது உணவும். சத்தத்திலேயே நின்றுகொண்டு மூச்சுப் பயிற்சி செய்பவர்களுக்கு அது வேலை செய்வதில்லை.

பிறகு சொல்லிவைத்த நபருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், அரை மணி நேரம் ஆகும் என்று. அந்த நேரத்தில் வரும் எந்த உறவுச் சண்டைக்கும் கருத்துச் சொல்லாதீர்கள். கல்யாண வீட்டில் வாய் தவறிய ஒரு சொல்லை அடுத்த தலைமுறையும் நினைவு வைத்திருக்கும்.

12. சொல்லிக்கொண்டு கிளம்புங்கள், மறுநாளைக் காலியாக வையுங்கள்

சொல்லாமல் நழுவினால் மறுநாள் முழுக்க விளக்கம் சொல்ல வேண்டும். எல்லாரிடமும் சொன்னால் வாசலைத் தாண்ட ஒரு மணி நேரம் ஆகும். கல்யாணத்தை நடத்துபவர்கள், வீட்டின் மூத்தவர் ஒருவர், மணமக்கள் ஆகியோரிடம் சொல்லி, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டால் போதும். பையோடு நடப்பவரை எல்லாரும் விடைபெற்றுவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

அன்றிரவே பஸ் ஏறி மறுநாள் காலை அலுவலகம் போகும்படி டிக்கெட் எடுக்காதீர்கள். விடுப்பைக் கல்யாணத்துக்கு முந்தைய நாளில் எடுப்பதைவிடப் பிந்தைய நாளில் எடுப்பது பயன். முந்தைய நாள் விடுப்பு மளிகைக் கடைக்கும் பூக்கடைக்கும் அலைவதில் போய்விடும்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவை இரண்டு நாள் ஒலியடக்கி வையுங்கள். முந்நூறு புகைப்படங்களுக்கும் ஒரே பதில் போதும். அம்மாவிடம் மட்டும் மறுநாள் மாலை உட்கார்ந்து, யார் யார் வந்தார்கள், யார் புடவை எப்படி இருந்தது என்ற முழுக் கதையையும் கேளுங்கள். அவருக்கு அது கல்யாணத்தின் பாதி. மறுவீட்டு விருந்து எந்த நாள், எத்தனை பேர் என்பதையும் அந்தப் பேச்சிலேயே விசாரித்துத் தாளில் குறித்துவிடலாம்.